ஆமைக்கு ஒரு வாசல்

கிளமெண்டி, சிங்கப்பூர்
19 ஜனவரி 2025

அமலா,

உன் எண்ணுக்கு அடித்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. வாட்ஸப்பில் உன் படம் போய், சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் உருவம் மட்டும் நிற்கிறது. என்னைத் தடுத்துவிட்டாய் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதனால் காகிதம். இந்தியாவுக்குக் கடிதம் போட எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று கேட்டபோது தபால் நிலையத்துப் பெண் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

சங்குமணல் துறைமுகத்தில் விசைப்படகுகளை எல்லாம் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று தெரியும். உனக்கு மெமோ வந்திருப்பதும் தெரியும். நான் எழுதிய அறிக்கைதான் காரணம் என்று நினைக்கிறாய். இருக்கலாம். ஆனால் நான் பொய் எழுதவில்லை அமலா. அதை மட்டுமாவது நீ ஒத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பரில் நான் எதற்கு வந்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. நம் கடலில் பிடிக்கும் இறாலை அதிகம் வாங்கிக்கொண்டிருந்த வெளிநாடு ஒன்று வாங்க மறுத்து வருடக்கணக்காகிறது. இழுவை வலையில் ஆமைகள் சிக்கிச் சாகின்றன என்பது அவர்கள் சொல்லும் காரணம். வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம் வைத்து, கம்பியில் முட்டும் ஆமை வெளியேற மேலே ஒரு வாசல் வைத்தால்தான் மறுபடி வாங்குவார்கள். அரசு அதற்குச் சட்டம் போட்டது. சட்டம் நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, ஏற்றுமதிக்காரர்கள் இங்கே ஃபாரூக் நடத்தும் எங்கள் சின்னக் கம்பெனியை அமர்த்தினார்கள். மீன்வளம் படித்தவள், தமிழ் பேசுகிறவள் என்று ஃபாரூக் என்னை அனுப்பினார்.

உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உன் தம்பி ஜெரோம்தான் சொன்னான்: "செக்கிங் அன்னைக்கு வாசல் தொறந்திருக்கும் அக்கா. மறுநாளே நைலான் கயிறு போட்டுத் தச்சிருவோம்." நீ அவனை முறைத்தாய். மறுக்கவில்லை. மறுநாள் காலையில் படகுத் தளத்தில் நானே என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் கடற்கரைக்கு நீதானே கூட்டிப் போனாய்? மூக்கில் நுரையோடு செத்துக் கிடந்த அந்தப் பங்குனி இனத்து ஆமைகளை நீதானே காட்டினாய்? "இதுக்கு ஏதாவது பண்ணணும்டி" என்று சொன்னதும் நீதான். நான் பண்ணினேன்.

உன் பெயரை எழுதவில்லை. 'உள்ளூர் அதிகாரி ஒருவரும் உறுதிப்படுத்தினார்' என்றுதான் எழுதினேன்.

திட்டியாவது பதில் போடு.

வித்யா


சங்குமணல்
5 பிப்ரவரி 2025

வித்யா,

இந்தத் துறைமுகத்தில் மீன்வளத் துறைக்கு உள்ளூர் அதிகாரி என்று இருப்பது நான் ஒருத்திதான். மற்ற இருவரும் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள். நீ என் பெயரை எழுதியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

என் மேசையில் உட்கார்ந்து என் நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, என் தம்பி விளையாட்டாகச் சொன்னதை அறிக்கையில் பதினான்காவது பத்தியாக்கிவிட்டாய். ஆங்கிலத்தில் படிக்க அழகாகத்தான் இருந்தது. மெமோவோடு அந்தப் பக்கத்தை இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

நடந்ததைக் கேள். உன் அறிக்கை இறால் வாங்குகிறவர்கள் கைக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்கு ஒரு கேள்வியாகத் திரும்பி வந்தது. டெல்லிக்குப் பதற்றம். அடுத்த மாதம் வெளிநாட்டுக் குழு பார்வைக்கு வருகிறது. சென்னைக்குப் போன் வந்தது, சென்னையிலிருந்து எங்களுக்கு. மறு ஆய்வு முடியும்வரை எந்த விசைப்படகும் கடலுக்குப் போகக் கூடாது. அந்த உத்தரவைப் படகுக்காரர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது யார்? ஜெரோம் படகுக்கும் நான்தான் போனேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்து, "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்றான். அம்மா செத்ததிலிருந்து நான் வளர்த்த பையன் அவன்.

நான்தான் ஆமையைக் காட்டினேன் என்கிறாய். காட்டினேன். நம் கல்லூரிக் காலத்திலிருந்து அவை செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதைப் பற்றி நாம் கட்டுரை எழுதினோம், மனுக் கொடுத்தோம். ஒருவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றுமதி நின்றதும்தான் சட்டம் வந்தது. எப்படி வந்தது? எங்கேயோ தெளிந்த ஆழக்கடலுக்குச் செய்த அளவை அப்படியே இறக்கினார்கள். எங்கள் கடல் ஆழமில்லாத சேற்றுக் கடல். பாசியும் பிளாஸ்டிக்கும் கம்பியில் போய் அப்பிக்கொள்கிறது. கம்பி அடைத்துக்கொண்டால் இறால் அந்த வாசல் வழியாகத்தான் போகும். டீசல் போட்டு நாளெல்லாம் இழுத்துவிட்டு வெறும் வலை மடியைத் தூக்க யாருக்கு மனசு வரும்? தைக்கத்தான் செய்வார்கள். தைத்ததை எழுதினாய். அடைத்ததை எழுதினாயா?

குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுத உனக்கு எளிது. இனி எழுதாதே.

அமலா


கிளமெண்டி
23 பிப்ரவரி 2025

அமலா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், நீ அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாய்.

அடைத்ததை நான் எழுதவில்லை. ஏனென்றால் அதை நீ என்னிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறாய், அதுவும் திட்டுகிற சாக்கில்.

நேற்று தேக்கா சந்தைக்குப் போனேன். வீட்டில் இறால் இருந்தது. ஆனாலும் போனேன். ஈரத் தரையில் கடை கடையாக நின்று "இது எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன். ஒரு கடைக்காரர் பனிக்கட்டியைக் கிளறிக்கொண்டே, "இது பண்ணை இறால் லா. வியட்நாம். அது மலேசியா. இந்தியா இறால் இப்ப கம்மி. உங்களுக்கு எது வேணும், சீக்கிரம் சொல்லுங்க" என்றார். சங்குமணலில் படகு கட்டிக் கிடப்பது இங்கே யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. தட்டு காலியாகவில்லை. வேறு ஊர் இறால் வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து ஃபேரர் பார்க் வரைக்கும் நடந்தேன், அங்கிருந்து திரும்பவும் நடந்தேன், ரயில் ஏறாமல். எங்கேயும் நிற்க முடியவில்லை.

அதற்கு முன்பே, திங்கட்கிழமை, ஃபாரூக்கிடம் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. காயல்பட்டினத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே மீன் வியாபாரம். சேற்றுக் கடலில் அந்த வாசல் ஏன் வேலை செய்வதில்லை என்று அறிக்கையில் ஒரு பகுதி சேர்க்கலாம் என்றேன்.

"வித்யா, அவங்க நம்மகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. வாசல் தொறந்திருக்கா, மூடியிருக்கா? ஏன் மூடியிருக்குன்னு யாருமே கேக்கல லா."

"கேக்கலைன்னாலும் நாம சொல்லலாமே."

"சொல்லலாம். சொன்னா, இவங்க சாக்கு சொல்றாங்கன்னு நெனப்பாங்க. அடுத்த கான்ட்ராக்ட் வேற யாருக்காவது போகும். உங்க வேலை பாஸ் எப்ப ரினியூவல்?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அக்கறையாகக் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். உனக்குத் தெரியாது, ஸ்ரீநாத்துக்குப் போன வருடமே வேலை போய்விட்டது. இப்போது அவரும் மகள் இனியாவும் என் வேலை பாஸை நம்பித்தான் இந்த ஊரில் இருக்கிறார்கள். இனியா இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். "அடுத்தவங்க கடலுக்காக நம்ம வீட்டக் கவுத்துடாத" என்கிறார் ஸ்ரீநாத். அவர் பயந்தபோதுதான் இவ்வளவு மெதுவாகப் பேசுவார்.

குளிரூட்டிய அறை உண்மைதான். ஆனால் அந்த அறை என்னுடையது இல்லை.

வித்யா


சங்குமணல்
16 மார்ச் 2025

வித்யா,

இந்தக் கடிதம் சுரேந்தர் கையில் வருகிறது. ஜெரோம் படகில் வலை இழுத்தவன். படகு கட்டிக் கிடந்த நாட்களில் ஓர் ஏஜெண்டைப் பிடித்து உங்கள் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறைக்கு வேலைக்கு வருகிறான். ஊருக்குப் புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடு. இது சமாதானம் இல்லை. அவனுக்கு அங்கே வேறு யாரையும் தெரியாது, அவ்வளவுதான்.

போனை எடுக்க மாட்டேன். பேசினால் நாக்கு எதையாவது சொல்லிவிடும், நீ அதைப் பத்தியாக்கிவிடுவாய். காகிதம் என்றால் யோசித்து எழுதுவேன்.

வெளிநாட்டுக் குழு வந்து போனது. துறைமுகத்துக் கம்பங்களில் புது வலைகளை விரித்துத் தொங்கவிட்டிருந்தோம், கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி. அவர்கள் டேப் வைத்துக் கம்பிக்குக் கம்பி இடைவெளி அளந்தார்கள், வாசலின் அகலம் அளந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், வெயிலில் முகம் சிவந்துபோனார்கள், எங்கள் மோரை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்கள். கடலுக்கு ஒரு படகில் கூட்டிப் போங்கள் என்று அவர்களில் ஓர் அம்மாள் கேட்டார். அன்றைக்குக் காற்று சரியில்லை என்று எங்கள் மேலதிகாரி சொல்லிவிட்டார். காற்று நன்றாகத்தான் இருந்தது.

படகுகளை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் தளத்தில் நடந்தபோது ஊசியும் நைலானும் எல்லார் கையிலும் இருந்தன. என்னைப் பார்த்து யாரும் ஒளிக்கவில்லை. நானும் நிற்கவில்லை. எங்கேயோ அவசரமாகப் போகிறவள் மாதிரி நடந்தேன். இதையும் எழுதிக்கொள், உனக்கு உதவும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நானும் நம் மீன்வளக் கல்லூரி ஆட்களுமாகச் சேர்ந்து ஒரு வலையில் வாசலுக்கு மேல் நீளமாக ஒரு வலைத்துண்டு வைத்துத் தைத்துப் பார்த்தோம். கதவுக்குத் திரை போட்டது மாதிரி. ஆமை முட்டினால் தூக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் படிந்து கிடக்கும். கம்பியையும் கொஞ்சம் சாய்த்து வைத்தோம், குப்பை வழுக்கி மேலே போகட்டும் என்று. இறால் அவ்வளவாகப் போகவில்லை. ஆனால் அந்தத் திரையின் நீளம் அவர்களுடைய அளவை மீறுகிறது. அதனால் சட்டப்படி அது தப்பு வலை. தைத்து மூடிய சரியான வலைக்குச் சான்றிதழ் உண்டு. திறந்திருக்கிற தப்பு வலைக்கு இல்லை.

சுரேந்தருக்குக் காரம் ஆகாது. பார்த்து வாங்கிக் கொடு.

அமலா


கிளமெண்டி
20 ஏப்ரல் 2025

அமலா,

சுரேந்தரை இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டேன். முதல் முறை பஃபலோ ரோட்டில், நம் ஊர்த் தொழிலாளர்கள் கூடும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவனைக் கண்டுபிடிக்கவே பெரும்பாடாகிவிட்டது. எல்லாரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவன் மட்டும் ஒரு தூணை ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காரமில்லாமல் தயிர்சாதமும் அப்பளமும் சாப்பிட்டான்.

"வேலை எப்படியிருக்கு?" என்றேன்.

"பரவால்லக்கா. கப்பலுக்கு உள்ள இறங்கி வெல்டிங் பண்றவங்களுக்கு எடுபிடி. கடலு பக்கத்துலதான் இருக்கு, ஆனா கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. நாலு பக்கமும் இரும்பு."

அப்பளத்தை ஒடித்துக்கொண்டே அவனே கேட்டான்: "எங்க படகுகளப் பத்தி எழுதினது நீங்கதானாக்கா?" ஆமாம் என்றேன். தலையாட்டினான். "ஜெரோம் அண்ணன் சொல்லுச்சு" என்றான். பிறகு தயிர்சாதத்தை முடித்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது முக்கியமான விஷயம். ஜூன் மாதம் இங்கே ஒரு பெரிய கூட்டம். இறால் வாங்கும் கம்பெனிகள், அந்த நாட்டுப் பிரதிநிதிகள், இந்தியாவிலிருந்து ஓர் அரசுக் குழு. தடையை எடுக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் நடக்கிற கூட்டம். ஏற்பாடெல்லாம் ஃபாரூக்தான். இந்தியக் குழுவில் உன் பெயர் இருக்கிறது அமலா. 'குறை சொல்லப்பட்ட துறைமுகத்தின் அதிகாரியே வந்து இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் எடுபடும்' என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். புத்திசாலித்தனம்தான்.

நீ பேசப்போவதை எழுதித் தரும் வேலை எனக்கு வந்திருக்கிறது. சிரிக்காதே. பத்து ஸ்லைடு, கடைசியில் நன்றி. ஐந்தாவது ஸ்லைடுக்குத் தலைப்பும் தந்துவிட்டார்கள்: 'முழுமையான கடைப்பிடிப்பு'. அதன் கீழே என்ன போடுவது என்று ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து போய் ஜன்னலில் நிற்கிறேன், வந்து உட்காருகிறேன், மறுபடி எழுந்திருக்கிறேன். இனியா, "அம்மா, ஒரே இடத்துல உக்காரும்மா, தல சுத்துது" என்கிறாள்.

நீ சொல். நான் எழுதுகிறேன். எதைச் சொன்னாலும் எழுதுகிறேன்.

வித்யா


சங்குமணல்
11 மே 2025

வித்யா,

மேலதிகாரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் அவசரமாக எடுத்தாயிற்று. என் மெமோவைப் பற்றிக் கேட்டேன். "கூட்டம் நல்லபடியா முடியட்டும்மா, அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். புரிந்தது.

இப்போது மீன்பிடித் தடைக்காலம், படகுகள் எல்லாம் கரையில். ஜெரோம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டு, "அக்கா, எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வா. ஒரே ஒரு தரம் சொல்லு. சந்த தொறந்துச்சுன்னா வெல ஏறும். நானும் கடன அடைச்சிருவேன், இவனுங்களும் வெளிநாடு ஓட மாட்டானுங்க" என்றான்.

"அப்ப ஆமை?"

"ஆமைக்கு ஓட்டுப் போட்டு என்ன கெடைக்கும்? எங்களுக்கு ஓட்டுப் போடு."

கூட்டத்தில் நான் என்ன சொல்ல? எல்லாம் சரி என்று சொன்னால் சந்தை திறக்கும், வாசல் தைத்தே கிடக்கும், ஆமை சாகும். சரியில்லை என்று சொன்னால் சந்தை மூடியே இருக்கும், வாசல் அப்போதும் தைத்தே கிடக்கும், ஆமை அப்போதும் சாகும். அவர்கள் கையில் இருப்பது திறப்பதும் மூடுவதும் மட்டும்தான். எப்படிச் செய்தால் எங்களுக்கு முடியும் என்று கேட்க அவர்களுக்கு ஒரு வழியும் இல்லை, கேட்டால் சொல்ல எங்கள் அரசுக்குத் தைரியமும் இல்லை. கேட்டவுடன் ஆமாம் சாமி போட்டுவிட்டு, ஊரில் வந்து எங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

உண்மையை எனக்காக எழுதாதே. அது உன் கையெழுத்தாக இருந்தால் உன் வேலை போகும். பொய்யையும் எழுதாதே. அந்த ஐந்தாவது ஸ்லைடைக் காலியாக விடு. தலைப்பு மட்டும் இருக்கட்டும். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பயமாக இருக்கிறதுடி.

அமலா


கிளமெண்டி
12 ஜூன் 2025

அமலா,

கூட்டத்துக்குப் பிறகு நீ தங்கியிருந்த சிராங்கூன் ரோடு ஓட்டலுக்கு ஓடி வந்தேன். குழுவினர் எல்லாரும் அப்போதே விமான நிலையம் போய்விட்டார்கள் என்றார் வரவேற்பறைப் பையன். சாயங்கால விமானத்தை மதியத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். உன்னோடு ஒரு வார்த்தைகூடத் தனியாகப் பேசவில்லை. இனியாவுக்கு நீ வாங்கி வந்த வளையலை மட்டும் அந்தப் பையன் எடுத்துக் கொடுத்தான்.

நீ பேசியதை உனக்கே எழுதுகிறேன். பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதே. கூட்டக் குறிப்பை நான் பார்த்துவிட்டேன், அதில் 'சங்குமணல் அதிகாரி கள அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டார்' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. எங்கேயாவது ஓர் இடத்தில் முழுதாக இருக்கட்டும்.

நான்கு ஸ்லைடு நன்றாகப் படித்தாய். ஐந்தாவது வந்தது. தலைப்பு, அதன் கீழே வெள்ளை. உங்கள் குழுத் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ கண்ணாடியைக் கழற்றினாய். "இந்தத் தலைப்பின் கீழே எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். வாசல்கள் தைக்கப்பட்டிருக்கின்றன, தைப்பதை நான் பார்த்திருக்கிறேன், என் தம்பியும் தைக்கிறான் என்றாய். அறையில் யாரோ இருமினார்கள். அப்போதுதான் அந்த அம்மாள், உங்கள் ஊரில் மோர் குடித்தவர், மைக்கை இழுத்துக் கேட்டார்: "ஏன் தைக்கிறார்கள்?"

நான்கு மாதமாக நான் காத்திருந்த கேள்வி. நீ சேற்றைச் சொன்னாய், பாசியைச் சொன்னாய், திரை போட்ட உன் தப்பு வலையைச் சொன்னாய். "எங்களைச் சோதிக்க வராதீர்கள், எங்களோடு ஒரு பருவம் கடலுக்கு வாருங்கள்" என்றாய். உங்கள் தலைவர் எழுந்து, "இது அதிகாரியின் தனிப்பட்ட கருத்து" என்றார். அறிக்கை தயாரித்த கம்பெனியின் கருத்து என்ன என்று ஒருவர் கேட்டார். ஃபாரூக் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று முடிவெடுத்த மாதிரியே நினைவில்லை. நீ சொன்னது உண்மை, தைத்ததை எழுதிய நான் காரணத்தை எழுதவில்லை, அறிக்கை பாதிதான் என்றேன்.

வெளியே காரிடாரில் ஃபாரூக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். "நல்ல காரியம்தான் பண்ணீங்க வித்யா. ஆனா என்னோட கம்பெனிய வச்சுல்ல பண்ணிட்டீங்க" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை.

உனக்கு என்ன ஆயிற்று? உடனே எழுது.

வித்யா


அணைக்கரை மீன்பண்ணை
27 ஜூலை 2025

வித்யா,

மேலே உள்ள முகவரியைப் பார். மாற்றல். சங்குமணல் கடலிலிருந்து நூறு மைலுக்கு மேல். கெண்டைக் குஞ்சுகளை எண்ணித் தொட்டியில் விடுகிறேன். இங்கே ஆமை கிடையாது, ஏற்றுமதி கிடையாது, யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லை. குளத்தங்கரையை ஒரு நாளைக்கு எத்தனை முறை சுற்றுகிறேன் என்று வாட்ச்மேன் கேட்கிறார்.

தடை எடுக்கப்படவில்லை. ஊரில் என் பெயரைச் சொன்னால் துப்புகிறார்களாம். ஜெரோம் என்னோடு பேசுவதில்லை. கிளம்புகிற அன்று என் பெட்டிகளை வண்டியில் ஏற்றினான், கயிறு கட்டினான், கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான், போய்விட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. நல்லதா என்று தெரியவில்லை. அந்த அம்மாளும் இரண்டு மூன்று வாங்கும் கம்பெனிகளும் டெல்லிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்: சேற்றுக் கடலுக்கான வலையைச் சோதித்துப் பார்க்கத் தயார், ஒரு பருவம், சில படகுகள், நட்டம் வந்தால் பாதியை அவர்கள் ஏற்பார்கள். நாங்கள் பத்து வருடம் கேட்டு நகராத கோப்பு இப்போது ஒரே மாதத்தில் நகர்கிறது. சோதனைக்கு அனுமதி கொடுத்து அரசாணையே வந்துவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை வித்யா. நாங்கள் சொன்னபோது கேட்கவில்லை. அவர்கள் சொன்னபோதுதான் எங்கள் வார்த்தைக்கு எங்கள் ஊரிலேயே மதிப்பு வருகிறது.

உன் பாஸ் என்ன ஆயிற்று? மறைக்காமல் சொல்.

அமலா


ஈசூன்
19 அக்டோபர் 2025

அமலா,

நீயும் முகவரியைப் பார். கிளமெண்டி வீட்டைக் காலி செய்துவிட்டோம். கான்ட்ராக்ட் ஃபாரூக் கையை விட்டுப் போனது, அதோடு என் வேலையும். ஆகஸ்ட் முடிவதற்குள் மூட்டை கட்டி சென்னைக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று இருந்தோம். கடைசி வாரத்தில் ஸ்ரீநாத்துக்கு உட்லண்ட்ஸில் ஒரு வேலை கிடைத்தது, சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. இப்போது நான் அவர் பாஸில் இருக்கிறேன். இனியா புதுப் பள்ளிக்கூடத்தை வெறுக்கிறாள், அதைத் தினமும் சொல்கிறாள்.

எனக்கு வருத்தமா என்று கேட்காதே. காலையில் எழுந்ததும் வேலைக்குப் போக வேண்டும் என்று கால் பரபரக்கிறது. எங்கே போவது? கீழே இறங்கி மூன்று புளோக் சுற்றிவிட்டு வருகிறேன். சில நாள் உன் மேல் கோபம் வருகிறது. காலி ஸ்லைடு உன் யோசனைதானே. சில நாள் அந்த அறையில் எழுந்து நின்றதை நினைத்துத் தனியாகச் சிரிக்கிறேன்.

சுரேந்தர் ஒரு செய்தி சொன்னான். சோதனைக்குப் படகு தர சங்குமணலில் யாருமே முன்வரவில்லையாம். முதலில் கொடுத்தது ஜெரோமாம். "எங்க அக்கா வாயால வந்தது, என் படகுலயே தீரட்டும்" என்றானாம். உனக்குத் தெரியுமா? உன்னிடம் சொன்னானா?

தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் போய்ப் பார்.

வித்யா


சங்குமணல்
18 ஜனவரி 2026

வித்யா,

அவன் சொல்லவில்லை. பொங்கல் விடுப்பில் நானாகவே போனேன். விடியற்காலையில் தளத்தில் போய் நின்றேன். படகில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேரும் அந்த வெளிநாட்டு அம்மாளும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஜெரோம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி, "வர்றவங்க வாங்க, கெளம்பப் போறோம்" என்றான். ஏறிவிட்டேன்.

முதல் இழுப்பில் இறால் குறைவு. தைத்த வலையில் வருவதைவிட நன்றாகவே குறைவு. பையன்கள் எடை போட்டார்கள். ஜெரோம் பார்த்தான், பீடியைப் பற்ற வைத்தான். இரண்டாவது இழுப்பில் வலை மேலே வந்தபோது கழுத்துப் பக்கம் ஏதோ கனமாக முட்டியது. கம்பி அதிர்ந்தது. திரை தூக்கிக்கொண்டது. ஒரு பங்குனி ஆமை, உருண்டு, தலைகீழாகி, நிமிர்ந்து, எங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே இறங்கிப் போனது. இத்தனை வருடத்தில் ஓர் ஆமை வலையிலிருந்து உயிரோடு போவதை நான் பார்த்ததே இல்லை. செத்துக் கரை ஒதுங்கியதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. பின்னாலேயே எவ்வளவு இறால் போயிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. பார், நானும் ஜெரோமின் அக்காதான்.

இது போதுமா என்று தெரியாது. குறைகிற இறாலுக்கு இந்தப் பருவம் அவர்கள் பாதி தருவார்கள், அடுத்த பருவம் யார் தருவார்கள்? தடை எடுப்பார்களா, வேறு ஏதாவது அளவு கேட்பார்களா? மற்ற படகுகளில் இன்றைக்கும் தைத்துத்தான் இருக்கிறது. என் மாற்றலும் அப்படியேதான்.

மூன்றாவது இழுப்பில் வலையைச் சுற்றி இழுக்கும் விஞ்ச் மக்கர் பண்ணியது. சுரேந்தர் இருந்திருந்தால் ஓடி வந்திருப்பான், ஆள் இல்லை. வலைக் கயிறு ஒரு பக்கம் நழுவ ஆரம்பித்தது. பையன்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெரோம் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு திரும்பிக் கத்தினான்:

"அக்கா! என்ன பாத்துட்டு நிக்கிற? கயித்தப் புடி!"

ஏழு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. போய்ப் பிடித்தேன். அவன் பக்கத்தில் நின்று, வலை முழுதாக மேலே வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது. எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குத்தான், பொறுத்துக்கொண்டு படி.

அமலா